கூலியும் கருணையும்: டால்ஸ்டாய் கதைகளில் கிறிஸ்தவ அன்பு

முற்போக்கு இலக்கிய வட்டாரங்களில் 'அன்பு' என்னுஞ் சொல் நெடுங்காலமாகவே ஐயத்துக்குரியதாக இருந்து வந்துள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வேலையாளின் கூலியை அரைவாசியாகக் குறைப்பவனும் அன்பைப் பற்றிப் பேசுகிறான். வட்டிக்குக் கொடுப்பவனும் நத்தார் தினத்திலே நாலு பேருக்கு அரிசியும் புடைவையும் வழங்கி, அதனை அயலாரிடத்துக் காட்டும் அன்பு என்கிறான். இவர்களைக் கண்டு சலித்த இளைஞர், அன்பு என்பதே ஆளும் வர்க்கத்தார் கட்டிவிட்ட கதை என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆயின், கள்ளன் கையிற் பட்டதனால் நல்ல நாணயம் கள்ள நாணயமாகி விடுவதில்லை. அந்நாணயம் யாருடையது, அவன் கைக்கு எவ்வாறு சென்றது என்று கேட்பதே விமரிசனத்தின் வேலை.

இக்கேள்வியை எழுப்புவதற்கு லியோ டால்ஸ்டாயைக் காட்டிலும் பொருத்தமான எழுத்தாளர் கிடைப்பது அரிது. கிறிஸ்துவின் மலைப்பிரசங்கத்தை அன்றாட வாழ்விலே கடைப்பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக முயன்று, 1901ஆம் ஆண்டில் ருஷ்யத் திருச்சபையால் விலக்கப்பட்டவர் அவர். 1885இல் அவர் எழுதிய 'அன்பு எங்கே உண்டோ அங்கே கடவுள் உண்டு' என்னுஞ் சிறுகதை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. ஆலயப் பிரசங்கங்களில் எடுத்தாளப்படுவது. பாலருக்கான நாடகமாக நடிக்கப்படுவது. இக்கதையைப் பக்தர்கள் வாசிக்கும் முறையும் தவறு, இதனைப் பரிகசிக்கும் எம்மவர் சிலர் வாசிக்கும் முறையும் தவறு என்பது எமது துணிபு.

கதை எளியது. மார்ட்டின் என்ற சப்பாத்துத் தைப்பவன் ஒரு நிலக்கீழ் அறையில் வசிக்கிறான். அறைக்கு ஒரே சாளரம். அதன் வழியே தெருவில் நடப்போரின் கால்கள் மாத்திரமே தெரியும். அத்தெருவிற் பெரும்பாலானோரின் சப்பாத்துகள் ஒருமுறையேனும் அவன் கைக்கு வந்தவையாதலால், முகங் காணாமலே ஆளை அறிந்துகொள்வான். மனைவி முன்னரே இறந்துவிட்டாள். தந்தைக்குக் கைகொடுக்கும் வயதை எட்டிய ஒரே மகனும் ஒருவாரக் காய்ச்சலில் மாண்டுபோகிறான். கடவுளை நொந்துகொண்டு கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்ட மார்ட்டின், ஒரு முதிய யாத்திரிகனின் சொற்கேட்டுச் சுவிசேஷத்தை வாசிக்கத் தொடங்குகிறான். ஓரிரவு, நாளை நான் வருவேன், தெருவைப் பார்த்திரு என்று கிறிஸ்துவின் குரல் கேட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. மறுநாள் முழுவதும் காத்திருக்கிறான். கிறிஸ்து வரவில்லை. பனி வாரும் முதியவன் ஒருவன், கைக்குழந்தையுடன் குளிரில் நடுங்கும் பெண் ஒருத்தி, அப்பிள் விற்கும் கிழவி, அவளிடம் அப்பிள் திருடிய பையன் ஆகியோரே வருகின்றனர். இரவிலே, தாம் வந்தது அவர்களாகவே என்பதைக் கிறிஸ்து உணர்த்துகிறார். மத்தேயுவின் சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்தில், பசித்தோருக்கும் அந்நியருக்கும் செய்தது தமக்கே செய்ததாகும் என்று அவர் கூறும் பகுதியே கதையின் அடித்தளம்.

இக்கதையின் கரு டால்ஸ்டாயின் சொந்தக் கற்பனையன்று. ரூபன் சையான் என்ற பிரெஞ்சுப் போதகர் எழுதிய 'மார்ட்டின் அப்பா' என்னும் நத்தார்க் கதை, ஆசிரியர் பெயரின்றி ருஷ்ய மொழியில் வெளிவந்திருந்தது. அதனையே டால்ஸ்டாய் எடுத்து மாற்றி எழுதினார். அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று எமக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. நத்தாரை அவர் நீக்கிவிட்டார். டால்ஸ்டாயின் கதையில் நடப்பது ஏதோ ஒரு மாரிக்கால வேலை நாள்; பண்டிகையன்று. அடுப்பிலே கோவாச் சூப்பு கொதிக்கிறது, மார்ட்டினின் கையிலே ஊசி இருக்கிறது, முடிக்கவேண்டிய வேலை காத்துக் கிடக்கிறது. பிற்காலத்தில் இக்கதையைச் சிறுவர்களுக்காகத் திரும்பச் சொன்னோரிற் சிலர் அதனை மீண்டும் நத்தார் மரத்தடிக்கே இழுத்துச் சென்றுவிட்டனர். ஆண்டில் ஒரு நாளுக்குரிய விருந்தாக இருந்ததை டால்ஸ்டாய் வேலை நாளின் பண்பாக மாற்றினார். அவர்கள் அதனைப் பழையபடி விருந்தாக்கினர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மார்ட்டின் அன்று செய்யும் நற்செயல் எதுவும் அவன் செய்யத் திட்டமிட்டதன்று. அவனுடைய திட்டம் கிறிஸ்துவைக் காண்பது. வந்தவர்கள் அதற்கு இடையூறாகவே வருகிறார்கள். முதியவன் ஸ்டெப்பானிச்சுக்குத் தேநீர் வார்க்கும்போதும் அவன் கண் சாளரத்திலேயே இருக்கிறது. யாரையேனும் எதிர்பார்க்கிறாயா என்று கேட்டால், சொல்ல வெட்கப்படுகிறான். பக்தர்களின் வாசிப்பு தவறுவது இவ்விடத்திலேதான். அவர்கள் கதையின் முடிவை அறிந்துகொண்டு கதைக்குள் நுழைகிறார்கள். ஏழைக்குக் கொடுத்தால் கிறிஸ்துவுக்குக் கொடுத்ததாகும், ஆகவே கொடுப்போம் என்று கணக்குப் போடுகிறார்கள். மார்ட்டினுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஸ்டெப்பானிச் தேநீர் போதும் என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்து வைக்கிறான். ஆனால் அவனுக்கு இன்னும் வேண்டும் என்பது பார்த்தாலே தெரிகிறது. மார்ட்டின் மீண்டும் வார்க்கிறான். அவ்வளவுதான். எதிரே இருப்பவனின் கூச்சத்தைக் கண்டுகொள்ளும் அக்கண்ணுக்கு மறுமைப் பலன் பற்றிய நினைவே இல்லை.

பையன் அப்பிளைத் திருடி அகப்பட்டுக் கிழவியிடம் அடிபடுகையில், மார்ட்டின் படிகளில் தடுக்கி, மூக்குக் கண்ணாடியைக் கீழே விழவிட்டு, தெருவுக்கு ஓடுகிறான். பையனை மன்னிப்புக் கேட்க வைக்கிறான்; அப்பிளுக்குரிய காசைத் தானே தருவதாகச் சொல்கிறான். பையனைப் போலீசாரிடம் ஒப்படைக்கப் போவதாகக் கத்திய கிழவி, சிறிது நேரத்தின் பின்னர் அவனைத் தன் மூட்டையைச் சுமக்கவிட்டு அவனுடன் நடந்து போகிறாள். அப்பிளின் விலையை மார்ட்டினிடம் வாங்கவே மறந்துவிடுகிறாள். இக்கடைசிச் செய்தியை எழுதிய கலைஞனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அன்பைப் பற்றிய நூறு பிரசங்கங்களில் இல்லாத நம்பகத்தன்மை அந்த மறதியில் இருக்கிறது.

1881இல் வெளிவந்த 'மனிதர் எதனால் வாழ்கின்றனர்' என்ற கதையில் இந்நம்பகத்தன்மை மேலும் கூர்மையானது. அங்கும் நாயகன் சப்பாத்துத் தைப்பவனே. கணவனுக்கும் மனைவிக்குமாக ஒரே ஆட்டுத்தோல் மேலங்கி. புதிய தோல் வாங்கப் போனவன், வரவேண்டிய கடன் வராமையால் 20 கோப்பெக்குக்குக் குடித்துவிட்டுத் திரும்புகிறான். வழியிலே ஆடையின்றிக் கிடக்கும் ஒருவனைக் கண்டு, பயந்து, முதலில் விலகியே நடக்கிறான். பின்னர் மனச்சாட்சி உறுத்தத் திரும்புகிறான். அந்நியனோடு வீட்டுக்கு வந்தவனை மனைவி மத்ரியோனா வாயாற வைகிறாள். வைவதற்கு அவளுக்கு முழு உரிமையும் உண்டு. அடுத்த நாளைக்கான ரொட்டி அல்லவா அந்நியன் வயிற்றுக்குப் போகப் போகிறது! அவள் மனம் மெல்ல இளகி அந்த ரொட்டியை எடுத்து வைக்கும் காட்சி, ஏழையின் அன்புக்கு எப்பொழுதும் ஒரு விலை உண்டு என்பதை உணர்ந்த ஒருவரே எழுதக்கூடியது. அந்நியன் ஒரு தேவதூதன் என்று பின்னர் தெரியவருவது கதையைப் பலவீனப்படுத்துகிறது என்பது எமது அபிப்பிராயம்.

இவ்வளவு சொன்னபின் எம்மவரின் ஆட்சேபத்துக்கு வருவோம். மார்ட்டினின் சாளரத்தில் கால்களே தெரிகின்றன என்றோம். அச்சாளரம் கதைக்கும் ஓர் எல்லையாகிறது. ஸ்டெப்பானிச் முன்னொரு காலத்தில் சக்கரவர்த்தியின் படைவீரன். இப்பொழுது ஒரு வணிகனின் தயவிலே சோறுண்டு, அதற்கீடாகத் தள்ளாத வயதிற் பனி வாருகிறான். கைக்குழந்தைக்காரியின் கணவனும் படைவீரன். எட்டு மாதங்களுக்கு முன் தூர தேசம் அனுப்பப்பட்டவன். பிள்ளை பிறந்ததும் அவளுக்குச் சமையல் வேலை போய்விட்டது. தன் கடைசிச் சால்வையை 20 கோப்பெக்குக்கு அடகு வைத்திருக்கிறாள். மார்ட்டின் அவளுக்குச் சூப்பும் பழைய மேலங்கியும் சால்வையை மீட்கப் பணமும் கொடுக்கிறான். நன்று. ஆனால், முதியவன் வாரும் பனிக்கு வணிகன் ஏன் கூலி கொடுப்பதில்லை? பிள்ளை பெற்றவளை வேலைக்கு வைத்துக்கொள்ளாத சமூகம் எத்தகைய கிறிஸ்தவ சமூகம்? இக்கேள்விகளுக்கு வேண்டிய தகவல்கள் யாவும் கதைக்குள்ளேயே கிடக்கின்றன. கேள்விகள் மாத்திரம் எழுவதில்லை. எம்மவர் இதனைச் சுட்டிக்காட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காக மார்ட்டினைக் குற்றஞ்சாட்டுவதில் நியாயமில்லை. கையில் இருந்ததைப் பகிர்ந்துகொண்ட தொழிலாளியிடம், நீ ஏன் சமூகத்தை மாற்றவில்லை என்று கேட்பது சாய்வு நாற்காலித் தீவிரவாதம்.

டால்ஸ்டாயிடம் அக்கேள்வியைக் கேட்கலாம். ஏனெனில் அவர் மார்ட்டின் அல்லர், பெரும் நிலக்கிழார். வியப்பு யாதெனின், எவரும் கேட்கு முன்னரே அவர் தம்மைத் தாமே கேட்டிருந்தார் என்பது.

1882 ஜனவரியில் மொஸ்கோ நகரில் மூன்று நாட் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. டால்ஸ்டாய் அதிலே சேர்ந்து, நகரத்தின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றைத் தாமாகவே கேட்டுப் பெற்றார். கணக்கெடுப்போடு தருமத்தையும் இணைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். செல்வந்தரிடம் போய்ப் பேசினார், பத்திரிகையில் எழுதினார், பலர் பணந் தருவதாக வாக்களித்தனர். நடந்த கதையை 'நாம் என்ன செய்தல் வேண்டும்' என்ற நூலில் அவரே எழுதியுள்ளார். சேரிக்குள் நுழைந்தவர் திகைத்துப்போனார். உடனடி உதவி வேண்டியவர்களாக அவர் கண்டோரிற் பலருக்கு அண்டை அறைகளில் வாழ்ந்த வேறு ஏழைகள் அவருக்கு முன்னரே கைகொடுத்திருந்தனர். மற்றையோரின் துயரமோ பணத்தால் தீர்க்கக்கூடியதாக இருக்கவில்லை. வாக்களித்த செல்வந்தரிடமிருந்து ஒரு ரூபிளும் வந்து சேரவில்லை. நகர சபை அவருக்குக் கொடுத்த ஊதியமும், கணக்கெடுத்த மாணவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்ததுமாக 37 ரூபிள் மிஞ்சியது. அதனை யாருக்குக் கொடுப்பது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அந்நூலில் வரும் ஒரு கணக்கை ஆசிரிய நண்பர்கள் தங்கள் மாணவர்க்குச் சொல்லவேண்டும் என விரும்புகிறோம். விறகு அரியும் செமியோன் என்ற தொழிலாளியுடன் டால்ஸ்டாய் நடந்து செல்கையில் கிழவன் ஒருவன் பிச்சை கேட்கிறான். செமியோன் மூன்று கோப்பெக் நாணயத்தைக் கொடுத்து, இரண்டு கோப்பெக் மீதி கேட்கிறான். கிழவனிடம் மாற்றக் காசு இல்லை. செமியோன் சிறிது யோசித்து, முழுவதையும் விட்டுவிட்டு நடக்கிறான். டால்ஸ்டாயும் கிழவனுக்கு 20 கோப்பெக் கொடுக்கிறார். பின்னர் அவர் கணக்குப் பார்க்கிறார். செமியோனின் சேமிப்பு முழுவதும் 6 ரூபிள் 50 கோப்பெக். தமது சொத்து 6 லட்சம் ரூபிள். செமியோன் கொடுத்த விகிதத்திற் கொடுப்பதானால் தாம் 3,000 ரூபிளை நீட்டி 2,000 மீதி கேட்டிருக்கவேண்டும். மீதி இல்லையெனில் முழுவதையும் விட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போலப் பேசிக்கொண்டே நடந்திருக்கவேண்டும். அதுமட்டுமன்று. செமியோன் கொடுத்த காசு அவன் உழைப்பு. தாம் கொடுத்த காசு, செமியோனைப் போன்றோரிடமிருந்து முன்னரே எடுக்கப்பட்டது. ஒரு கையாற் பல்லாயிரத்தை எடுத்துக்கொண்டு மறுகையாற் சில்லறையை வீசுவதைத் தருமம் என்று தாம் அழைத்துவந்ததை டால்ஸ்டாய் இவ்விடத்திற் கண்டுகொள்கிறார். பொருளியல் வல்லுநர் எவரும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. சுவிசேஷத்தின் அன்பை உண்மையிலேயே நடைமுறைப்படுத்த முயன்றதன் விளைவாக வந்த அறிவு இது. அன்பு வர்க்கப் பார்வையை மழுக்குகிறது என்போருக்கு இந்நூலே மறுப்பு. டால்ஸ்டாயின் பார்வையைக் கூர்மையாக்கியதே அதுதான்.

இவ்வறிவு கலையாக மலர்ந்த இடம் 'எஜமானும் வேலையாளும்' (1895) என்ற நெடுங்கதை. பிரெக்குனோவ் ஊரிலே வணிகன், கோயிற் பொறுப்பாளனுங்கூட. அவனிடம் வேலை செய்யும் நிக்கிட்டா ஆண்டுக்கு 80 ரூபிள் பெறத்தக்க உழைப்பாளி. பிரெக்குனோவ் கொடுப்பதோ ஏறத்தாழ 40. அதையும் கணக்கின்றிச் சிறுகச் சிறுக, பெரும்பாலும் தன் கடைச் சாமானாக, கூடிய விலையிற் கொடுக்கிறான். பண்டிகைக்கு முன் நிக்கிட்டாவின் மனைவி வந்து மாவும் தேயிலையும் சீனியும் கொஞ்சம் வொட்காவுமாக மூன்று ரூபிள் பெறுமதியான பொருளும், ஐந்து ரூபிள் பணமும் வாங்கிப் போகிறாள். மிகக் குறைத்துக் கணித்தாலும் 20 ரூபிள் அவளுக்கு வரவேண்டியிருக்கிறது. அவளோ பெரிய உபகாரம் பெற்றவளாக நன்றி சொல்லிப் போகிறாள். பிரெக்குனோவும் தான் நிக்கிட்டாவுக்கு உபகாரியே என்று உளமார நம்புகிறான்! தன் பொய்யைத் தானே நம்பும் இம்மனிதனைப் போன்ற பாத்திரங்கள் உலக இலக்கியத்தில் அதிகமில்லை. கூலி கருணையாக உருமாறுவதை இரண்டொரு வாக்கியங்களில், குரலை உயர்த்தாமல் டால்ஸ்டாய் காட்டிவிடுகிறார். ஸ்டெப்பானிச்சைப் பற்றி அன்று எழாத கேள்வி பத்தாண்டுகளின் பின் இங்கே எழுந்துவிட்டது.

மலிவு விலையில் ஒரு காட்டை வாங்குவதற்காக, தன் 700 ரூபிளோடு கோயிற் பணம் 2,300ஐயும் எடுத்துக்கொண்டு பிரெக்குனோவ் புறப்படுகிறான். நிக்கிட்டா உடன் போகிறான். பனிப்புயலிலே இருவரும் வழி தவறுகின்றனர். முதலில் வேலையாளை விட்டுவிட்டுக் குதிரையேறித் தப்ப முயலும் எஜமான், சுற்றிச் சுற்றி மீண்டும் அவ்விடத்துக்கே வந்துசேர்கிறான். அப்பொழுது, தன் மென்மயிர் மேலங்கியைத் திறந்து, விறைத்துக் கிடக்கும் நிக்கிட்டாவின் மேலே படுத்து, தன் உடற்சூட்டை அவனுக்குக் கொடுக்கிறான். காலையில் எஜமான் இறந்து கிடக்கிறான், வேலையாள் பிழைத்துக்கொள்கிறான்.

முடிவு மனமாற்றக் கதையின் முடிவு என்று இதனை ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எஜமானிடம் கொடுக்கத்தக்கதாகத் தன்னுடையது என்று என்ன இருந்தது? கூலி நிக்கிட்டாவினுடையது, பணத்திற் பெரும்பகுதி கோயிலுடையது. உண்மையாகவே அவனுக்குச் சொந்தமாக இருந்தது அவனுடைய உடற்சூடு ஒன்றுதான். அதைக் கொடுத்தபோதுதான் அவன் முதன்முறையாகக் கொடுத்தான். அதற்கு முன் அவன் கொடுத்தவை யாவும் நிலுவை. இருப்பினும் ஓர் ஐயம் எமக்குண்டு. இத்தகைய அன்பு நிகழ ஒரு பனிப்புயலும் மரணமும் வேண்டியிருக்கின்றன. பண்டிகைக்கு முன்தினம் 20 ரூபிளை எண்ணிக் கொடுத்திருந்தால் அது சிறிய செயல், கதையாகவும் வராது. டால்ஸ்டாயின் கலை அந்தச் சிறிய செயலின் அவசியத்தை எமக்குக் காட்டுகிறது, ஆயினும் பெரிய செயலிலேதான் மனம் தோய்கிறது.

தமிழர் இக்கதைகளை வாசிக்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வந்தே தீரும். டால்ஸ்டாயின் ருஷ்யாவிலே சப்பாத்துத் தைப்பவன் ஏழை, தீண்டத்தகாதவன் அல்லன். எமது சமூகத்திலே தோலைத் தொடும் தொழில் இழிதொழில் என ஒதுக்கப்பட்டது. மார்ட்டின் வார்த்த தேநீரை ஸ்டெப்பானிச் தயக்கமின்றிக் குடிக்கிறான். யாழ்ப்பாணத்திலோ தேநீர்க்கடையில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணியிலும் சிரட்டையிலும் வார்த்த காலம் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் ஒரே கிளாஸில் தேநீர் குடிப்பதற்காக அவர்கள் போராடவேண்டியிருந்தது. அப்போராட்டத்திலே இரத்தம் சிந்தப்பட்டது. சாதி பாராட்டியோருள் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன கிறிஸ்தவரும் இருந்தனர். ஆகவே மார்ட்டினின் கதையைத் தமிழிலே சொல்லும் ஆசிரியர், ஏழைக்கு இரங்கு என்று மாத்திரம் சொல்லி முடிப்பாராயின் கதையின் அரைவாசியை விழுங்கியவராவார். எமது சூழலில், தேநீர் கொடுத்தவனின் பெருந்தன்மையைவிடக் குடித்தவனின் தயக்கமின்மையே அரியது.

டால்ஸ்டாயின் பெயரிலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. 1910இல் தென்னாபிரிக்காவில் ஜொகன்னஸ்பர்க்குக்கு அணித்தாக, கலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் தமது 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்குக் கொடுக்க, அங்கே 'டால்ஸ்டாய் பண்ணை' உருவாயிற்று. அதிலே வாழ்ந்தோருள் தமிழர் பலர். கலன்பாக் ஒரு கத்தோலிக்க மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். காந்தியிடமிருந்து மற்றவர்கள் கற்றனர். வைசிய குலத்திற் பிறந்த ஒருவர் தோலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்த அக்காட்சியில் மார்ட்டினின் கதை இந்தியப் பொருளைப் பெறுகிறது. காந்தியத்தின் குறைபாடுகள் பற்றி எமக்குள்ள கருத்து வேறுபாடுகள் இந்த மதிப்பீட்டை மாற்றா.

1908இல் டால்ஸ்டாயின் எண்பதாவது பிறந்தநாளையொட்டி லெனின் எழுதிய கட்டுரை எம்மவர் பலர் அறிந்ததே. ஆனால் சிலர் அதன் ஒரு பாதியையே நினைவில் வைத்திருக்கின்றனர். தீமையை எதிர்க்காதே என்ற போதனையை லெனின் சாடினார் என்பது உண்மை. அதே மூச்சில், மக்கள் படும் துன்பத்தையும் அரசும் திருச்சபையும் செய்யும் பொய்மையையும் அஞ்சாது வெளிப்படுத்திய பெருங்கலைஞர் என்றும் அவர் டால்ஸ்டாயைப் போற்றினார். இவ்விரண்டையும் முரண்பாடாகவே ஏற்று ஆராய்வதுதான் அக்கட்டுரை காட்டும் வழி. வசதியான பாதியை வெட்டி எடுத்துக்கொள்வதன்று.

ஜாரின் தணிக்கையாளருக்கு இம்முரண்பாடு நன்றாகவே விளங்கியிருந்தது. சப்பாத்துத் தைப்பவன் மார்ட்டினின் கதையை அவர்கள் அனுமதித்தனர். 'இடையீட்டாளர்' என்னும் பதிப்பகத்தின் மலிவுப் பிரசுரமாக அது ருஷ்யக் கிராமங்கள்தோறும் விற்பனையாயிற்று. 'நாம் என்ன செய்தல் வேண்டும்' என்ற நூலின் பகுதிகள் அதே 1885இல் 'ருஷ்யச் சிந்தனை' என்ற சஞ்சிகையில் அச்சாகவிருந்தபோது, அவர்கள் தடுத்துவிட்டனர்.